நாய்க்குத் தனி முறை கொடுக்கலாமா? துணை விலங்கு விதிகள் பற்றி ஒரு சண்டை

மூடுபனி (ஹட்டன்)

எங்கள் மேசையில் ஓடும் கதை 1870களின் இலங்கை மலைநாட்டில் நடக்கிறது. ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டம் இது, நடத்தும் ஜீஎம் நான். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டுபிடிக்கப்பட்டு, தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆட்டம் காணும் காலம். தேயிலை இன்னும் பெரிதாக வரவில்லை. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து வந்த கூட்டத்தில் நால்வர்தான் கேரக்டர்கள். விதி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. மந்திரத்தை மாந்திரீகம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம், மற்றபடி அப்படியே.

ஒருத்தர் வேட்டைக்காரர், அவரிடம் சூரன் என்று ஒரு நாய். 2014 புத்தகத்தின் பீஸ்ட் மாஸ்டர் (துணை விலங்கோடு திரியும் வேட்டைக்காரர்) விதிப்படி, நாயைக் கடிக்கச் சொன்னால் அவருடைய ஆக்‌ஷன் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு முறை வரும், அதில் செய்யும் முக்கியமான காரியம்தான் ஆக்‌ஷன். ஆக, நாய் கடிக்கும், மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். லெவல் 5 வந்தால்தான் நாயையும் ஏவிவிட்டுத் தானும் ஒருமுறை தாக்கலாம். அவர் புலம்பியதால் நாய்க்குத் தனி முறை கொடுத்துவிட்டேன். இப்போது மற்ற மூவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முக்கியமாகத் துவக்குக்காரர். அவர் ஒருமுறை சுட்டுவிட்டு, மருந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் நாய் இரண்டு பேரைக் கடித்துவிடுகிறது.

எந்த விதி நல்லது? புதிதாக எழுதினாலும் சரி.

---

பகடைப்பைத்தியம் (கண்டி)

மூவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கணக்கைப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஒரு தாக்குதல் என்றால் ஒரு சுற்றுக்கு நான்கு. நாய்க்கு இலவசமாக ஒன்று கொடுத்தால் ஐந்து. குழுவின் பலம் கால்பங்கு கூடியது என்று சந்தோஷப்படலாம், ஆனால் அந்த ஐந்தில் இரண்டு ஒரே ஆட்டக்காரர் கையில். நாற்பது வீதம். கடியின் சேதம் குறைவுதானே என்பார்கள். சேதம் மட்டும் பிரச்சினை இல்லை, மேசை நேரமும் அவருக்கே போகிறது. நகர்த்தல், பகடை, கணக்கு எல்லாம் இரண்டு தடவை.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், எல்லாமே விலை பற்றிய பேரம்தான். 2020இல் அதே ஆட்டத்துக்கு வந்த டாஷாஸ் என்ற கூடுதல் விதித் தொகுப்பு, நாயை ஏவ ஆக்‌ஷன் வேண்டாம், போனஸ் ஆக்‌ஷன் (அதே முறையில் கூடுதலாகச் செய்யும் சின்னக் காரியம்) போதும் என்றது. பாத்ஃபைண்டர் என்ற வேறொரு ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் உங்களுக்கு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். அதில் ஒன்றைச் செலவழித்துக் கட்டளை இட்டால் விலங்குக்கு இரண்டு ஆக்‌ஷன் கிடைக்கும். ஒன்று கொடுத்து இரண்டு வாங்குகிறோம், ஆனாலும் சும்மா கிடைப்பதில்லை. என் கண்ணுக்கு இதுதான் இருப்பதில் சுத்தமான விதி.

உயிர் விஷயத்தையும் கவனியுங்கள். 2014 விதியில் விலங்கின் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்) அதன் இயல்பான அளவு, அல்லது உங்கள் லெவலின் நான்கு மடங்கு, எது கூடவோ அது. லெவல் 5இல் சூரனுக்கு 20. எதிரி மந்திரவாதி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் போட்டால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. தப்பும் உருட்டு தவறினால் சராசரிக்கே நாய் சாம்பல். டாஷாஸ் தொகுப்பின் தரை விலங்குக்கு அதே லெவலில் 30. சராசரிக்கு இரண்டு புள்ளியில் பிழைக்கும். அந்தப் பத்துப் புள்ளியை யோசிக்காமல் ஏற்றவில்லை என்று நினைக்கிறேன்.

---

ரேஞ்சர்_தம்பி (தலவாக்கலை)

அந்த வேட்டைக்காரன் நான்தான் 😀

ஜீஎம் அண்ணே, கதையை நீங்கள் ஒரு பக்கமாகச் சொல்கிறீர்கள். எனக்கு இரண்டாவது தாக்குதல் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. என் நாய் நாய் மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். 2014 விதியில் நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அது அடியைத் தவிர்த்துக்கொண்டு ஒதுங்கும், கடிக்காது. என் கழுத்தை ஒருத்தன் நெரிக்கும்போது என் நாய் கட்டளைக்குக் காத்திருக்குமா? எந்த ஊர் நாய் இது?

---

லயத்துக்குருவி (பொகவந்தலாவை)

தம்பி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. பகடைப்பைத்தியம் சொல்வது கணக்கு, அது தப்பில்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் விலங்கை ஏவுவதற்கு என்ன விலை என்றே பேசுகிறீர்கள். ஏவாமலே அது என்ன செய்யும் என்று ஒரு விதியும் ஒழுங்காகச் சொல்வதில்லை. நாயோடு இருந்தவர்களுக்குத் தெரியும், அது செய்வதில் முக்கால்வாசி நாம் சொல்லாதது.

எங்கள் லயத்து நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நியர் வந்தால் குரைக்கும், யாரும் சொல்ல வேண்டாம். காலையில் அம்மா மலைக்குப் போனால் பின்னாலேயே போகும், கொழுந்து நிறுக்கும் இடம் வரை. இதற்கெல்லாம் கட்டளை கிடையாது. ஆனால் ராத்திரியில் மானாப்புல்லுக்குள் ஏதோ சரசரக்கும்போது "போ, பார்" என்று சொல்லிப் பாருங்கள். வாலைக் கால்களுக்குள் விட்டுக்கொண்டு உங்கள் காலடியிலேயே நிற்கும். அதைப் போக வைப்பதற்குத்தான் விலை இருக்க வேண்டும்.

அதனால் என் யோசனை இது. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு குணம், ஒரு பயம், ஒவ்வொன்றும் ஒரே வரியில். குணத்தோடு போகிற காரியம் இலவசம். பழக்கிய வேலைக்கு போனஸ் ஆக்‌ஷன். பயத்துக்கு எதிரான காரியத்துக்கு முழு ஆக்‌ஷன், கூடவே உருட்டு. உருட்டில் தோற்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்லக்கூடாது. தோற்றால் அது தன் குணப்படி எதையாவது செய்யும். அதில்தான் கதை வரும்.

---

பழைய_டைஸ் (பண்டாரவளை)

குருவி சொன்னதற்குப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் தொகுப்பில் அரக்கர்களுக்கும் கூலி ஆட்களுக்கும் மன உறுதி எண் இருந்தது, 2 முதல் 12 வரை. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டி அந்த எண்ணுக்கு மேல் வந்தால் ஓட்டம். எதிரிகளுக்கு ஒரு மனசு இருக்கிறது என்பதை இரண்டு பகடையில் முடித்துவிட்டார்கள். பிறகு வந்த பல விதிகளில் அது காணாமல் போய், கடைசி ஆள் சாகும்வரை எல்லாரும் சண்டை போடும் பழக்கம் வந்துவிட்டது.

விலங்குக்கும் அதே இரண்டு பகடை போதும். இருபது முகப் பகடையை இதற்கு எடுக்காதீர்கள், அதில் 1 வருவதும் 20 வருவதும் ஒரே வாய்ப்பு. பழகிய விலங்கு அப்படித் தாறுமாறாக நடக்காது. இரண்டு பகடையில் நடு எண்கள்தான் அடிக்கடி வரும். தவிர, லூடோப் பெட்டியில் கிடைக்கும் பகடையே போதும், கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவரக் காத்திருக்க வேண்டாம்.

டன்ஜன் வேர்ல்ட் (2012) என்ற ஆட்டத்தையும் பாருங்கள். அதில் ரேஞ்சரின் (வேட்டைக்காரரின்) விலங்குக்குத் தனி முறையே இல்லை. நீங்களும் அதுவும் ஒரே எதிரியைத் தாக்கினால் அதன் மூர்க்க எண் உங்கள் சேதத்தில் கூடும், அவ்வளவுதான். விலங்குக்கு பயந்த சுபாவம், பிடிவாதம், நொண்டி என்று பலவீனமும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

---

ரேஞ்சர்_தம்பி

> அதன் மூர்க்க எண் உங்கள் சேதத்தில் கூடும், அவ்வளவுதான்

அப்படியென்றால் சூரன் நாயா, நான் இடுப்பில் செருகிய இரண்டாவது கத்தியா? பலவீனம் நல்லது, பயமும் நல்லது, ஏற்றுக்கொள்கிறேன். "+2 சேதம்" என்று ஷீட்டில் எழுதிவைத்தால் இரண்டாவது வாரமே அது நாய் என்பதை எல்லாரும் மறந்துவிடுவார்கள். நான் உட்பட.

---

பகடைப்பைத்தியம்

சேதம் வேண்டாம் என்றால் உதவி கொடுங்கள். நாய் எதிரியின் காலைச் சுற்றிக் குரைத்துக் குழப்புகிறது, அதனால் நீங்கள் இரண்டு இருபது முகப் பகடை உருட்டி நல்லதை எடுக்கிறீர்கள். அடி விழும் வாய்ப்பு 50 வீதம் என்று வையுங்கள், இப்போது 75. உங்கள் அடிகள் ஒன்றரை மடங்கு. அதாவது நாய் அரை ஆள். தனி முறை இல்லை, மேசை நேரமும் போகாது.

ஒன்றை மட்டும் இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள், கவ்விப் பிடித்தல். "கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது" என்று ஆட்டக்காரர்கள் அப்பாவியாகக் கேட்பார்கள். எதிரி மூவர், ஒருவனை நாய் நகர விடாமல் செய்து அவன் முறையைத் தின்றுவிட்டால், எதிரி பலத்தில் மூன்றில் ஒன்று போயிற்று. எந்தக் கடியையும்விட அது பெரிது. எதிரியின் ஒரு முறையைப் பிடுங்குவதும் நம் பக்கம் ஒரு முறை கூட்டுவதும் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. அதற்கு உங்கள் முழு ஆக்‌ஷனையும் வாங்க வேண்டும்.

குருவி அக்காவின் பய உருட்டுக்கு எண் போட்டேன். இரண்டு ஆறுமுகப் பகடை, அதோடு பழக்கம் (0 முதல் 3 வரை), மொத்தம் 9 அல்லது மேலே வந்தால் கீழ்ப்படியும். பழக்கம் 0 என்றால் 28 வீதம். 1 என்றால் 42. 2 என்றால் 58. 3 என்றால் 72. நேற்றுப் பிடித்த நாயும் மூன்று வருடம் கூடவே திரிந்த நாயும் நன்றாகவே வேறுபடுகின்றன, ஆனால் எதுவும் நிச்சயமில்லை.

---

மரைக்கொம்பு (நுவரெலியா)

விதியை நீங்கள் பாருங்கள், நான் விலங்குக்கு வருகிறேன். புத்தகத்தில் எல்லாரும் முதலில் எடுப்பது ஓநாய். இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான் உண்டு. புலியும் கிடையாது. இங்கே உச்சியில் இருப்பது சிறுத்தை, இன்றைக்கும் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் வாழ்கிறது. தோட்டத்துக்குள் வந்தால் அது விரும்பித் தூக்குவதில் ஒன்று நாய்.

இதை விதியில் கொண்டுவாருங்கள். நாய் வைத்திருக்கும் குழுவை ராத்திரியில் யாரும் சத்தமில்லாமல் நெருங்க முடியாது, அது பெரிய நன்மை. ஆனால் நாய் இருக்கும் முகாமைச் சிறுத்தை தேடி வரும். ஒரே விலங்கால் காவலும் வருகிறது, ஆபத்தும் வருகிறது. சூரனைச் சமநிலைப்படுத்த ஹிட் பாயிண்டைக் குறைப்பதைவிட இது நல்ல வழி. துவக்குக்காரரும் ராத்திரியில் ஒரு வேலை கிடைத்தது என்று சந்தோஷப்படுவார்.

சிறுத்தையையே துணை விலங்காகக் கேட்டு யாராவது வருவார்கள், நிச்சயம் வருவார்கள். கொடுக்காதீர்கள். பழக்கம் 0க்கு மேல் ஏறாது என்று எழுதிவிட்டால் போதும், அவர்களே விட்டுவிடுவார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பித் தடத்தில் (சுருக்குக் கண்ணியில்) ஒரு கருஞ்சிறுத்தை சிக்கி, மீட்ட பிறகும் செத்துப்போனது நினைவிருக்கும். அந்த மாதிரித் தடங்கள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைப்பவை, ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது. உங்கள் ஆட்டத்திலும் தடம் வையுங்கள். நாய் முன்னால் ஓடும் விலங்கு, முதலில் சிக்குவது அதுதான்.

1870கள் என்பதால் யானையையும் மறக்க வேண்டாம். இப்போது ஹோர்ட்டன் சமவெளியில் மரைக் கூட்டம்தான் பார்க்கலாம், முன்பு அங்கே யானையும் இருந்தது. தாழ்நிலக் காட்டுப் பாதையில் கரடி. உயரம் மாற மாற விலங்கு மாறும். நாயின் பயத்தையும் அதற்கேற்ப யோசிக்கலாம்.

---

லயத்துக்குருவி

மரைக்கொம்பு சொன்ன சிறுத்தை விஷயம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது. எனக்கு வேறொரு சந்தேகம். எல்லாரும் நாய், நாய் என்கிறோம். அந்தக் காலத்து மலைப்பாதையில் உண்மையில் மனிதனோடு நடந்த விலங்கு மாடு. வண்டிப்பாதை போடாத இடங்களில் தவளம் மாடுகள்தான் பொதி சுமந்தன. மேலே அரிசி, உப்பு. கீழே கோப்பி. அந்தப் பொதிமாட்டைத் துணை விலங்காக எடுக்க ஒரு ஆட்டக்காரரும் ஏன் கேட்பதில்லை? விதி முழுக்கச் சண்டையைப் பார்த்து எழுதியிருப்பதால்தான். குணம், பயம் என்று எழுதினால் மாடும் நாயும் ஒரே தாளில் அடங்கும். மாட்டின் குணம்: "தெரிந்த வழியை விட்டு விலகாது." மூடுபனியில் பாதை தொலைந்த குழுவுக்கு அது எத்தனை ஹிட் பாயிண்டுக்குச் சமம்? பயம்: "ஆடும் பாலம்." மகாவலி கரை புரண்டு ஓடும்போது ஒரு கயிற்றுப் பாலத்தின் முன்னால் அது நின்றுவிட்டால், அந்த வார ஆட்டம் முழுக்க அதுதான்.

அப்புறம் பொன்னர் சங்கர் கூத்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொம்பன் என்ற அந்தப் பெரிய பன்றியை வீழ்த்த வழி செய்வது வீரர்களின் வாள் மட்டும் இல்லை, பொன்னாச்சி என்ற சின்ன நாயும்தான். தன்னை வேட்டைக்குக் கூப்பிடவில்லை என்று அது கோபித்துக்கொள்வதாகவும் கதை சொல்வார்கள். நாயின் மனத்தாங்கலுக்கு நம் கூத்திலேயே இடம் இருக்கும்போது விதியில் இல்லாவிட்டால் எப்படி?

---

பழைய_டைஸ்

பொன்னாச்சி அருமை. ஆனால் அதை வைத்து "தினமும் சோறு போட்டாயா, தடவிக் கொடுத்தாயா, இல்லாவிட்டால் பழக்கம் ஒன்று குறையும்" என்று விதி எழுதிவிடாதீர்கள். அப்படி ஒரு மேசையில் இருந்திருக்கிறேன். முதல் மாதம் எல்லாரும் நாய்க்குச் சோறு போட்டோம். இரண்டாம் மாதம் "சோறு போட்டாச்சு" என்று ஒரே வரியில் சொன்னோம். பிறகு யாரும் நாய் வைத்துக்கொள்ளவில்லை. கணக்கு எழுத வைக்கும் விதி விலங்கைக் கொன்றுவிடும், சிறுத்தை தேவையில்லை.

பழக்கம் குறைய ஒரே காரணம் வையுங்கள். பயத்துக்கு எதிராக அனுப்பி, அதில் அது காயப்பட்டால் ஒன்று குறையும். ஏறவும் ஒரே காரணம். அதன் பொருட்டு உங்கள் கேரக்டர் ஏதாவது ஒன்றை இழந்தால். பொருளோ, ஒரு முறையோ, தன் உடம்பில் ஒரு அடியோ.

---

மூடுபனி

நன்றி எல்லாருக்கும். சாவு பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, அதையும் சேர்த்து இந்த ஞாயிறு இப்படி ஓட்டப் போகிறேன்.

சூரனுக்குத் தனி முறை இல்லை. குணம்: "தன் ஆளைத் தொட்டவனை விடாது." ஆகவே வேட்டைக்காரரை யாராவது தாக்கினால், அவர் அடுத்து அவனைத் தாக்கும்போது இரண்டு இருபது முகப் பகடை உருட்டி நல்லதை எடுக்கலாம், செலவில்லாமல். தம்பி, உங்கள் கழுத்து நெரிப்புக் கேள்விக்கு இதுதான் பதில். மோப்பம் பிடிப்பது, வேறொருவரைக் குழப்புவது இரண்டும் பழக்கிய வேலை, போனஸ் ஆக்‌ஷன். கவ்விப் பிடிக்க முழு ஆக்‌ஷன். பயத்துக்கு எதிராகப் போகச் சொன்னால் முழு ஆக்‌ஷனோடு 9க்கு உருட்டு.

ஹிட் பாயிண்ட் கிடையாது. நலம், காயம், படுகாயம் என்று மூன்று நிலை. எந்த அடி பட்டாலும் ஒரு நிலை இறங்கும், ஃபயர்பாலானாலும் சரி. படுகாயத்தில் கிடக்கும் விலங்கை விட்டுவிட்டுப் போனால்தான் சாகும். தூக்கிக்கொண்டு போனால் பிழைக்கும், ஆனால் தூக்குபவர் கையில் வேறு ஆயுதம் இருக்க முடியாது. நாய் செத்தால் யாருக்காவது தாங்காதா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவேன். ஒருவர் தாங்காது என்றாலும் சூரன் சாகமாட்டான், ஊருக்கு ஓடிவிடுவான்.

---

பகடைப்பைத்தியம்

எந்த அடியும் ஒரு நிலைதான் என்றால் ஒரு ஓட்டை இருக்கிறது. சின்னச் சின்னக் குளவிக் கொட்டும் ஒரு நிலை, ஃபயர்பாலும் ஒரு நிலை. குளவிக் கூட்டம் கலைந்தால் இரண்டே கொட்டில் நாய் படுகாயத்தில் கிடக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு நிலைக்கு மேல் இறங்காது என்று சேர்த்துவிடுங்கள்.

---

மூடுபனி

சேர்த்தாயிற்று.

---

ரேஞ்சர்_தம்பி

எனக்குச் சம்மதம். தூக்கிக்கொண்டு ஓடுகிற விதி பிடித்திருக்கிறது. ஆனால் சூரனின் பயம் என்ன என்று எழுதவில்லையே அண்ணே? அதை நான் எடுத்துக்கொள்ளலாமா? "ஆழமான தண்ணீர்" என்று வைக்கலாம்.

---

பழைய_டைஸ்

விடாதீர்கள். பயத்தைச் சொந்தக்காரர் தேர்ந்தெடுத்தால் எல்லா நாய்க்கும் கடலும் பனிமலையும்தான் பயமாக இருக்கும். குணத்தை அவர் எழுதட்டும், பயத்தை மற்ற மூவரும் சேர்ந்து எழுதட்டும்.

---

மூடுபனி

அதே மூவரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது, துவக்குக்காரரிடமிருந்து. சூரனுக்கு வெடிச் சத்தம் பயம்.

---

ரேஞ்சர்_தம்பி

இது அநியாயம். அவர் ஒவ்வொரு முறை சுடும்போதும் நான் உருட்ட வேண்டுமா?

---

லயத்துக்குருவி

ஒவ்வொரு முறையும் வேண்டாம், ஒரு சண்டைக்கு முதல் வெடிக்கு மட்டும் போதும். ஆனால் தம்பி, துவக்குக்காரரும் யோசிக்காமல் சொல்லிவிட்டார். உருட்டில் தோற்றால் சூரன் குணப்படி நடக்கும் என்றுதானே விதி. தன் ஆளுக்குப் பக்கத்தில் பயங்கரமான சத்தம் போட்டவனைப் பார்த்து அது என்ன செய்யும் என்று ஜீஎம்மிடம் கேட்டுப் பாருங்கள்.

---

மூடுபனி

நேரே அவர் காலுக்குத்தான் போகும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.